பன்னிரண்டு கண்ணாடிச் சீட்டுகள்

தன்னுடைய புதிரில் பிழை இல்லை என்பதை லென்ஸ் அக்கா மூன்று மாதங்களில் ஒன்பது முறை எழுத்திலும், எண்ணிக்கையில் அடங்காத தடவைகள் வாய்ப்பேச்சிலும் சொல்லியிருந்தாள். பத்தாவது முறையாக, இனி எவரும் வாய் திறக்காதபடி எழுதிவிட வேண்டும் என்றுதான் அந்த வியாழக்கிழமை மத்தியானம் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள்.

விளையாட்டு இதுதான். ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை ஊரில் எங்கேயோ ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு தேடிப்போய், பெட்டிக்குள் சுருட்டி வைத்திருக்கும் தாளில் பெயரெழுதி, இருந்தபடியே வைத்துவிட்டுத் திரும்புவார்கள். ஜியோகேச்சிங் என்று அதற்குப் பெயர். புதிர்ப்பெட்டி என்பது அதில் இன்னொரு படி மேல். எண்களை நேராகத் தரமாட்டார்கள். ஒரு புதிரை அவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்த விடை சரியா என்று பார்க்க இணையத்தில் ஒரு கருவி உண்டு, செக்கர் என்பார்கள். எண்களை இட்டால், சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. பச்சை வராமல் யாரும் காலில் செருப்பை மாட்டுவதில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அந்தக் குழுவில் அவளுக்கு லென்ஸ் அக்கா என்று பெயர் விழுந்திருந்தது. இரு கருவிழிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பவள். அவள் வைத்த புதிரும் தொழிலிலிருந்தே பிறந்தது: கண்ணைச் சோதித்து எழுதித் தரும் கண்ணாடிச் சீட்டுகள் பன்னிரண்டின் படம். ஒவ்வொன்றிலும் பவர், சிலிண்டர், அச்சு என்று மூன்று கட்டங்கள், கட்டங்களில் எண்கள். வேறு ஒரு சொல்கூட இல்லை. ஐந்து நட்சத்திரக் கடினம் என்று தானே மதிப்பிட்டு வெளியிட்டாள்.

குழு அதன்மேல் பாய்ந்தது. எண்களை எழுத்துகளாக்கும் பட்டியல், சங்கேதம் இன்னதென்று மோப்பம் பிடிக்கும் இணையப் பக்கங்கள், இலக்கங்களைக் கூட்டிக் குறுக்கும் நிரல்கள் என்று ஒரு கருவி பாக்கி விடவில்லை. மருந்துக்கடை நடத்தும் தாடி என்பவர் பன்னிரண்டு சீட்டுகளையும் ஒரு பெரிய அட்டவணையில் ஏற்றி, நாற்பது விதமாக அடுக்கிப் பார்த்து, நாற்பது முறையும் சிவப்பு வாங்கி, கடைசியில் தம் கண்ணே கெட்டுவிட்டது என்று அவள் கடைக்கே வந்து பரிசோதனை செய்துகொண்டார். கண்ணில் கோளாறு இல்லை.

விடை சரி, கருவிதான் தப்பு என்று சொன்ன ஒரே ஆள் அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் நகரப் பேருந்து ஓட்டுபவள். இந்த விளையாட்டை அண்ணிக்கு அறிமுகம் செய்தவளே அவள்தான். ஆனாலும் பெட்டியை ஒளிப்பவள் ஒரு வீட்டிலும் தேடுபவள் அதே குடும்பத்திலும் இருந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. 'குடும்பப் பெட்டி' என்று தாடி முதல் வாரமே கிண்டலடித்தார். அன்றிலிருந்து லென்ஸ் அக்கா தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்: வீட்டில் புதிரைப் பற்றி ஒரு பேச்சும் கூடாது. நாத்தனார் ஒருநாள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே, "அண்ணி, அந்தப் பெட்டி எங்க இருக்குன்னு..." என்று தொடங்கியதும் இவள் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு உரக்க ஏதோ பாட ஆரம்பித்துவிட்டாள்.

"நான் விடை கேக்கல அண்ணி. நான் சொல்றேன், நீங்க கேளுங்கன்றேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"விரலை எடுத்தா கேக்கும்."

"எடுக்க மாட்டேன். நாளைக்கு எவனாவது கேட்டா, இவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலைன்னு சத்தியம் பண்ணணும் நான்."

கருவி, புதிர் வைத்தவருக்கு மட்டும் ஒரு பட்டியலைத் திறந்து காட்டும்: யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த எண்ணை இட்டுப் பார்த்தார்கள் என்ற பட்டியல். லென்ஸ் அக்கா அதையும் திறந்ததில்லை. நாத்தனார் விடைக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால், முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். தன் நேர்மையைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தாள் என்றே சொல்லலாம்.

ஆகவே நாத்தனார், வீட்டில் சொல்ல முடியாததைப் புதிரின் பக்கத்தில் எல்லோரும் பார்க்க எழுதினாள்: "விடை என்னிடம் இருக்கிறது. கருவி பிழையாகச் சிவப்புக் காட்டுகிறது. புதிர் வைத்தவர் சரிபார்க்கவும்." லென்ஸ் அக்கா பதில் எழுதினாள். கருவியைத் தானே மூன்று முறை சோதித்ததாகவும், மூன்று முறையும் பச்சை வந்ததாகவும் எழுதினாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 'நாத்தனாருக்குச் சலுகை காட்டுகிறாள்' என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்ற வேகத்தில் இன்னொரு வரியும் சேர்த்தாள்: "பேருந்து ஓட்டும் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு."

அதற்குப் பதினேழு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். நாத்தனார் ஒன்றும் எழுதவில்லை. மூன்று வாரமாக வீட்டுக்கும் வரவில்லை.

லென்ஸ் அக்காவின் கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர்; அவர்தான் நடுவில் திண்டாடினார். தங்கையிடம் போனால் மனைவியைப் பற்றியும், வீட்டுக்கு வந்தால் தங்கையைப் பற்றியும் கேட்க வேண்டியிருந்தது.

"ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டின லிப்டு மாதிரி நிக்கிறேன்," என்றார் அன்று காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "மேலயும் கதவு திறக்கல, கீழயும் திறக்கல. ஒரு டப்பாவுக்கா இவ்வளவு?"

"டப்பா இல்லீங்க அது. என் வார்த்தை. நான் சரின்னு சொல்லி ஒரு கண்ணாடி கொடுத்தா அது சரியா இருக்கும்னு நம்பித்தானே ஜனங்க போட்டுக்கிறாங்க?"

"அவளும் உன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தான் ஐம்பது பேரை ஏத்திக்கிட்டுப் போறா."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும். நான் லிப்டுக்காரன்."

அவர் போன பிறகுதான் நடுவரின் கடிதத்தைப் பார்த்தாள். குழுவின் பெட்டிகளுக்கெல்லாம் அனுமதி கொடுப்பவர் நடுவர். மிகவும் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். மூன்று மாதங்களாக ஒருவரும் திறக்காத பெட்டி, அதன்மேல் ஒரு புகார். புதிர் சரியானது என்று சனிக்கிழமை மாலைக்குள் நிரூபித்தால் இருக்கட்டும். இல்லையென்றால் நீக்கிவிட நேரும். 'தங்கள் சொல்லை நம்புகிறேன், ஆனால்' என்று ஒரு வரி. அந்த 'ஆனால்' அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலாக்கியது. புதிர் போனால், அவள் சொல் பொய் என்று பதிவாகிவிடும். அப்புறம் அவள் வைக்கும் எந்தப் பெட்டிக்கும் எவரும் போகமாட்டார்கள்.

நிரூபிக்க ஒரே வழி பட்டியல்தான். நாத்தனார் எந்த எண்ணைப் போட்டாள், அது எத்தனை தூரம் தள்ளி இருக்கிறது என்று ஆதாரத்தோடு நடுவருக்கு அனுப்பிவிட்டால் ஆயிற்று. இனிமேல் முகம் காட்டிக்கொடுத்தால்தான் என்ன, பார்க்க நாத்தனார் வருவதாக இல்லையே.

பட்டியலைத் திறந்தாள். தாடியின் நாற்பது வரிகள், இன்னும் ஆறேழு பேருடைய வரிகள். நடுவில் நாத்தனாரின் பெயர் பதினான்கு இடங்களில் இருந்தது. பதினான்கு இடங்களிலும் ஒரே எண். காலை ஆறு ஐம்பத்திரண்டு, பத்து பதினேழு, மறுநாள் ஆறு ஐம்பத்துமூன்று. மாதம் மாறியும் எண் மாறவில்லை. ஒவ்வொன்றின் எதிரிலும் சிவப்புப் புள்ளி, 'விடையிலிருந்து அறுநூற்று எழுபத்தொன்பது மீட்டர்' என்ற குறிப்பு.

"ஒரே தப்பைப் பதினாலு வாட்டியா போடுவா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று பார்க்க அந்த எண்ணை வரைபடத்தில் இட்டாள்.

இடம் காட்டும் குண்டூசி, நகரத்தின் மேற்கு எல்லையில், பேருந்துகள் திரும்பும் வட்டத்தில் போய் நின்றது. பெரிதாக்கினாள். வட்டத்தின் ஓரத்து இரும்புக் கிராதி. இன்னும் பெரிதாக்கினாள். கிராதியின் மூன்றாவது கம்பம்.

அவள் காந்தப் பெட்டியை ஒட்டவைத்த கம்பம் அதுதான். தீப்பெட்டி அளவில், கிராதிக்கு அடித்த அதே சாம்பல் வண்ணத்தைத் தன் கையாலேயே அடித்து வைத்த பெட்டி. நாத்தனார் நாளுக்கு ஆறு முறை பேருந்தைத் திருப்பும் இடத்திலேயே வைத்துவிட்டோம் என்று அன்றைக்கு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டதும் நினைவிருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் கருவி எந்த இடத்தை விடை என்று வைத்திருக்கிறது? தான் முதலில் பதிந்த எண்ணை எடுத்து வரைபடத்தில் இட்டாள். குண்டூசி கழிவுநீர் நிலையத்தின் மூன்றாவது தொட்டிக்கு நட்டநடுவே விழுந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்த விளையாட்டில் பாகையை நிமிடமாகவும், நிமிடத்தைப் பின்னமாகவும் எழுதுவார்கள். பதினான்கு புள்ளி மூன்று ஏழு பூஜ்யம் என்றால், பதினான்கு நிமிடமும் ஒரு நிமிடத்தில் ஆயிரத்தில் முந்நூற்று எழுபது பங்கும். கருவியோ ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய முறையில் எண்ணை இட வசதி செய்திருந்தது. அவளுடைய பக்கம் வினாடி முறைக்குத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. என்றைக்குத் திருப்பினாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. கட்டத்தில் பதினான்கு நிமிடம், முப்பத்தேழு புள்ளி பூஜ்யம் வினாடி என்று ஏற்றியிருக்கிறாள். கிழக்கு எண்ணுக்கும் அதே கதி. அறுபதுக்கு மேற்பட்ட இலக்கம் ஏதாவது வந்திருந்தால் அவ்வளவு வினாடி கிடையாது என்று கருவியே மறுத்திருக்கும். முப்பத்தேழும் நாற்பத்தொன்றரையும் ஒழுங்காக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. சோதித்துப் பார்த்த மூன்று முறையும் அவள் அதே கட்டத்தில் அதே தவறையே இட்டதால் மூன்று முறையும் பச்சை. தன் தவறைத் தன் தவறாலேயே அளந்து, சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

முன்கடையில் மணி அடித்தது. கண்ணாடியின் மூக்குப்பிடி கழன்றுவிட்டது என்று ஒரு பெரியவர் வந்திருந்தார். திருகாணியை முடுக்கிக் கொடுத்தாள். அதற்குள் ஒரே திருகாணியை இரண்டு முறை கீழே போட்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் கண்ணில் பட்டது: ஏற்றிய இலக்கங்களை நிமிடப் பின்னமாகக் கொள். ஒரு சொடுக்கு போதும். பழைய பதிவு அழிந்து, சரியான பதிவு வந்துவிடும். நாத்தனாரை இன்னொரு முறை போட்டுப்பார் என்று சொன்னால் பச்சை வரும். முதல் ஆளாகத் தாளில் கையெழுத்திடுவாள், மனம் குளிர்வாள், நடுவர் வாயடைத்துப் போவார். நடந்தது எதுவும் ஒரு ஈ, எறும்புக்குத் தெரியாது. யாருக்கும் நட்டமில்லாத பொய் என்று நினைக்க நினைக்க அது பொய்யாகவே தோன்றவில்லை.

அந்தப் பொத்தானைத் தொடுமுன் கைபேசியை எடுத்தாள். முதலில் நாத்தனார் வருவாளா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மணி ஒன்று நாற்பது. பேருந்து வட்டத்தில் ஏழு நிமிடம் நிற்கும் நேரம்.

"சொல்லுங்க அண்ணி." குரலில் உப்புமில்லை, உறைப்புமில்லை.

"சாப்பிட்டியா?"

"அதைக் கேக்கவா மூணு வாரம் கழிச்சுக் கூப்பிட்டீங்க?"

"இல்ல... அந்தப் புதிர். இன்னொரு வாட்டி போட்டுப் பாரேன்."

"நான் அந்தப் பக்கத்தையே மூடிட்டேன்."

"ஒரே ஒரு வாட்டி. பச்சை வரும்."

அந்தப் பக்கம் என்ஜின் அணைந்தது.

"இத்தனை நாளா செவப்பு. இன்னைக்கு எப்படிப் பச்சை வரும்?" என்றாள் நாத்தனார். "மாத்திட்டீங்களா?"

லென்ஸ் அக்காவுக்கு வாயில் வந்த பொய் வாயிலேயே தங்கிவிட்டது. "இன்னும் இல்ல," என்றாள்.

"என்ன தப்பு?"

"வினாடின்னு ஏத்தியிருக்கேன். எல்லாத்தையும்."

"அய்யோ அண்ணி." நாத்தனார் சிரித்தாள். கிண்டல் சிரிப்பில்லை, இதே தவறைத் தானும் என்றோ செய்து மாட்டிக்கொண்டவளின் சிரிப்பு. சிரிப்பு நின்றதும் சொன்னாள்: "பெட்டியை நான் பாத்துட்டேன், தெரியுமா? ரெண்டு மாசம் ஆச்சு."

"பாத்துட்டியா? எப்போ? ஏன் எடுக்கல?"

"இதோ, இப்பவும் என் எதுக்கதான் இருக்கு. இருபது அடி. மூணாவது கம்பம். கையை நீட்டி எடுத்துப் பேர் எழுத எவ்வளவு நேரமாகும்? எழுதியிருந்தா என்ன சொல்வாங்க? பச்சையே வராம இவ எப்படிக் கண்டுபிடிச்சா, அண்ணி காதுல ஓதியிருப்பான்னு சொல்வாங்க. தாடி விடுவாரா? உங்க பேரும் நாறும், என் பேரும் நாறும். அதான் அப்பப்போ வண்டியை நிறுத்திட்டு அதைப் பாத்துக்கிட்டே செக்கர்ல போடுவேன். செவப்பு. மறுபடி வண்டியை எடுத்துக்கிட்டுப் போவேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நல்லாக் கேப்பீங்களே! ரெண்டு காதுலயும் விரலை விட்டுக்கிட்டு பாட்டு பாடினது யாரு? பக்கத்துல எழுதினேன். அதுக்கு நீங்க எழுதினதைத்தான் ஊரே படிச்சுச்சே."

லென்ஸ் அக்கா திரையில் அந்த வரியைத் தேடி எடுத்தாள்; பதினேழு சிரிப்புகளும் அதன் கீழே அப்படியே இருந்தன.

"எப்படி அவிழ்த்தேன்னு கேளுங்களேன்," என்றாள் நாத்தனார் தானாகவே, சற்றுத் தணிந்து. "நீங்க எழுதிக் கொடுத்த என் சீட்டுதான். டிபோவுல கண்ணு டெஸ்ட்டுக்குக் காட்டணும்னு எப்பவும் பையில இருக்கும். வலது கண்ணுக்கு சிலிண்டர் கிடையாது. அச்சுக் கட்டத்துல நீங்க ஒரு கோடு போட்டு விட்டிருந்தீங்க. அச்சுன்னா சிலிண்டர் உக்கார்ற கோணம், சிலிண்டர் இல்லைன்னா அச்சே கிடையாதுதானே? அப்புறம் படத்தைப் பாத்தா, அஞ்சு சீட்டுல சிலிண்டர் இல்ல, ஆனா அச்சு மட்டும் இருக்கு. எங்க அண்ணி அப்படி எழுத மாட்டாங்களேன்னு தோணுச்சு. நூத்து நாப்பத்து மூணு, எழுவது, அம்பத்திரண்டு, நாப்பத்தொண்ணு, அஞ்சு. வரிசையா ஒட்டினேன். பாகைதான் ஊருக்கே ஒண்ணாச்சே, நிமிஷம் பதினாலு புள்ளி மூணு ஏழு பூஜ்யம், அம்பத்திரண்டு புள்ளி நாலு ஒண்ணு அஞ்சு. முடிஞ்சது. ஒரு டீ குடிக்கிற நேரம்."

மூன்று மாதம் ஒரு குழுவே கருவிகளோடு மல்லுக்கட்டியதை இவள் ஒரு தேநீரில் முடித்திருக்கிறாள். தன் கையெழுத்தை, தான் எதை எழுதமாட்டோம் என்பது உட்பட, இவ்வளவு நுட்பமாகப் படித்தவள் இந்த ஒருத்திதான் என்பது லென்ஸ் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளிடம்தான் 'இந்தக் கணக்கு வேறு' என்று எழுதியிருக்கிறாள்.

"நான் இப்பவே மாத்திடறேன். நீ பச்சையை வாங்கிட்டு..."

"மாத்தாதீங்க," என்றாள் நாத்தனார் சட்டென்று. "மாத்தினா பழசு அழிஞ்சுடும். அப்புறம் நான் சொன்னது சரின்னு எதை வெச்சுக் காட்டுவீங்க? நான் புகார் எழுதினதுக்குப் பயந்துபோய் விடையை எனக்கேத்த மாதிரி மாத்திட்டீங்கன்னுதான் பேசுவாங்க. தப்பு அப்படியே இருக்கட்டும். நடுவரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அவர் பாக்கட்டும். அதுக்கப்புறம் மாத்துங்க."

"எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே."

"தெரியட்டும்னுதானே சொல்றேன். சரி, டயமாச்சு. வண்டில ஆள் ஏறியாச்சு."

தொடர்பு அறுந்தது.

அன்று பிற்பகல் லென்ஸ் அக்கா செய்தவை குறைவு. நடுவருக்குக் கருவியின் கணக்கைத் திறந்துவிட்டாள். தவறான பதிவும், பதினான்கு வரிகளும், மணிகளும், தூரமும் இருந்தது இருந்தபடியே அவர் கண்ணில் படும்படி. பூசி மெழுகாமல் நான்கு வரி எழுதினாள். இரண்டு மணி நேரத்தில் அவர் புதிரின் பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டார்: பதிவைத் தாமே பார்த்ததாகவும், பேருந்து ஓட்டுநரின் விடை முதல் நாளிலிருந்தே சரியானது என்றும், கருவியின் சிவப்பு பிழையானது என்றும். அதன் பிறகே அவள் அந்தப் பொத்தானைச் சொடுக்கினாள்.

தன்னுடைய பழைய வரியை அழிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அழிக்கவில்லை. அதற்கு நேர் கீழே எழுதினாள்: "மேலே உள்ள வரியை எழுதியவள் நான். தவறு முழுக்க என்னுடையது. நிமிடத்தையும் வினாடியையும் குழப்பினேன். சரியான விடையோடு வந்தவரை எல்லோர் முன்னிலையிலும் இழிவாகப் பேசினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

பதில்கள் வந்தன. சிரிப்புப் படம் போட்ட பதினேழு பேரில் ஒன்பது பேர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இருவர், இனி லென்ஸ் அக்காவின் பெட்டி என்றால் முதலில் வேறொருவர் போய் வரட்டும் என்று எழுதினார்கள். தாடி மட்டும் ஆறாத மனத்தோடு, "பச்சை வராவிட்டால் என்ன, நேராகப் போய்ப் பார்த்திருக்கலாமே, பேருந்து ஓட்டுநருக்குக் கால் இல்லையா?" என்று கேட்டார். நாத்தனார் உடனே எழுதினாள்: "போயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நீங்களே எழுதுங்கள், படிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை ஆறு ஐம்பத்து நான்குக்குப் பெட்டியின் பக்கத்தில் முதல் பதிவு ஏறியது. "கண்டேன். தாள் ஈரமில்லை. காந்தம் நன்றாகப் பிடித்திருக்கிறது. புதிர் அழகு. கடினம் ஐந்து நட்சத்திரம் அல்ல, மூன்று."

லென்ஸ் அக்கா கடையைத் திறந்த கையோடு அதைப் படித்தாள். படித்துவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் காத்திருப்பதையும் பொருட்படுத்தாமல் கைபேசியை எடுத்தாள்.

"மூணா? என்ன மூணு? அத்தனை பேர் மூணு மாசம் திண்டாடியிருக்காங்க."

"அத்தனை பேரும் செக்கர்ல திண்டாடினாங்க அண்ணி. புதிர்ல இல்ல."

"தாடி நாப்பது வாட்டி தப்பாப் போட்டாரே, அது புதிர்தானே?"

"தாடிக்குக் கண்ணாடி கிடையாது. அவர் நிஜச் சீட்டையே பாத்தது இல்ல. அதை எப்படிக் கணக்குல சேக்கிறது?"

"நாலாவது போடு."

"மூணரை. அதுக்கு மேல ஏறாது. பிரேக்கை எடுத்தாச்சு, வெக்கிறேன். ஞாயித்துக்கிழமை வர்றேன், வந்து சண்டை போடறேன்."

லென்ஸ் அக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியில் இருந்தவரிடம் நேராகப் பார்க்கச் சொல்லி, அளவுகோலை அவர் மூக்கின் மேல் வைத்தாள். அறுபத்து மூன்றரை. எழுதிக்கொண்டாள். பிறகு அவரை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, எடுத்த அளவுகோலை மேசையில் வைத்து வேறொன்றை எடுத்து, இன்னொரு முறை அளந்தாள்.